குடியானவரும் குடும்பங்களும் கூடி நடத்தும் பங்குப் பண்ணை

விதைக்கும் எருவுக்கும் பணம் வேண்டிய காலம் ஒன்று. விளைந்த பண்டத்திற்குப் பணம் வந்து சேரும் காலம் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களிலேதான் குடியானவனுடைய கவலைகளில் பெரும்பாலானவை அடங்கியிருக்கின்றன. அம்மாதங்களைக் கடப்பதற்கு அவன் கடன் வாங்குகிறான். கடனுக்கு வட்டி உண்டு. வட்டிக்கு மழையும் தெரியாது, வறட்சியும் தெரியாது. ஆலங்கட்டி மழையால் தோட்டம் அழிந்தாலும், எல்லோருக்கும் விளைச்சல் மிகுந்து சந்தையில் விலை சரிந்தாலும், நஷ்டம் முழுவதும் அவன் ஒருவன் தலையிலேயே விழுகிறது. அவன் விளைவித்ததை உண்ணும் பட்டணத்துக் குடும்பங்களோ அந்த நஷ்டம் நேர்ந்ததையும் அறியமாட்டா. அவை வேறொரு கடையில் வேறோர் ஊர்க் காய்கறியை வாங்கிக்கொள்ளும்.

இக்குறைக்குப் பரிகாரமாக ஜப்பான், அமெரிக்க ஐக்கிய நாடு, பிரான்சு முதலிய தேசங்களில் சென்ற ஐம்பது வருஷங்களாக ஒரு முறை கையாளப்பட்டு வருகிறது. ஆங்கிலத்தில் அதற்குச் 'சமூகத்தின் ஆதரவு பெற்ற விவசாயம்' என்னும் பொருள்படப் பெயர் வழங்குகிறது. சுருக்கம் கருதி இக்கட்டுரையில் அதனைப் 'பங்குப் பண்ணை' என்று குறிப்போம். அது நடைபெறும் விதத்தையும், அதில் மக்கள் சேருவதற்கும் விலகுவதற்கும் உள்ள காரணங்களையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும் நமது வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

1. முறை இன்னது என்பது

பங்குப் பண்ணையில் குடியானவர் விதைப்பதற்கு முன்பே அவ்வருஷத்துச் செலவு முழுவதையும் கணக்கிட்டு, அதனைப் பல பங்குகளாகப் பிரிக்கிறார். அக்கம்பக்கத்து ஊர்களிலும் பட்டணங்களிலும் உள்ள குடும்பங்கள் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு பணத்தை முன்னதாகவே செலுத்துகின்றன. அறுவடை தொடங்கியதும், அந்தந்த வாரத்தில் விளைந்ததை அத்தனை பங்காகப் பிரித்து ஒவ்வொரு குடும்பத்திற்கும் கொடுக்கின்றனர். நன்றாக விளைந்தால் பங்கு பெருகும். குறைந்து விளைந்தால் பங்கு குறையும். குறைந்ததற்காகப் பணம் திரும்புவதில்லை. மிகுந்ததற்காக அதிகப் பணம் கேட்பதும் இல்லை.

இங்கு ஒரு பேதத்தை மனத்தில் இருத்த வேண்டும். வியாபாரி முன்பணம் கொடுத்து விளைச்சலைப் பேசிக்கொள்வதும் உண்டு. அந்த முன்பணம் கடனுக்குச் சமானம். விளையாவிட்டால் குடியானவர் அதற்குப் பொறுப்பாளி. பங்குப் பண்ணையில் அங்கத்தினர் கொடுக்கும் பணமோ அவ்வருஷத்துச் சாகுபடியில் அவர்கள் ஏற்றுக்கொண்ட பாகம். வானம் செய்யும் நன்மைக்கும் தீமைக்கும் அவர்களும் உடன்பட்டவர்கள். இந்த உடன்பாடு ஒன்றே இம்முறையின் உயிர்நாடி. இது இல்லாவிடில், மிஞ்சுவது வாரந்தோறும் காய்கறிப் பெட்டி அனுப்பும் வியாபாரமே ஆகும்.

2. தோன்றிய வரலாறு

ஜப்பான் தேசத்தில் பூச்சிமருந்துகளின் மிகுதியாலும், மினமாட்டாவில் ஆலைக்கழிவுப் பாதரசம் மீனிற் கலந்து மக்களை முடமாக்கியது போன்ற விபரீதங்களாலும், உணவைக் குறித்த அச்சம் குடும்பப் பெண்களிடையே பரவியிருந்தது. ஐக்கிய சங்க ஊழியத்தில் நெடுநாள் ஈடுபட்டிருந்த தெருவோ இச்சிராக்கு என்பவரின் முயற்சியால் 1971-ஆம் ஆண்டில் ஜப்பான் இயற்கை விவசாயச் சங்கம் நிறுவப்பெற்றது. விளைவிப்போரும் உண்போரும் நேரே கூடிச் செய்துகொள்ளும் ஏற்பாட்டை அங்கு 'தெய்க்கெய்' என்பர். அதற்குரிய பத்து விதிகள் 1978-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. பரஸ்பர உதவி, கலந்து பேசி விலை நிர்ணயித்தல், விளைந்தது முழுவதையும் உண்போர் ஏற்றுக்கொள்ளுதல், தாமே பண்டத்தைக் கொண்டு சேர்த்தல் முதலியன அவற்றுள் முக்கியமானவை.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் இதை ஒத்த முயற்சிகள் நடைபெற்றன. ஜினீவா நகரில் 1978-ஆம் ஆண்டு முதல் அத்தகைய பண்ணை ஒன்று நடந்து வருகிறது. சுவிட்சர்லாந்தில் இம்முறையைக் கண்டு பழகிய ஜான் வாண்டர் டூயின் என்பவர் அமெரிக்கா திரும்பி, மாஸசூஸெட்ஸ் மாகாணத்துத் தெற்கு எக்ரிமான்ட் என்னும் ஊரில், இந்தியன் லைன் பண்ணையின் சொந்தக்காரராகிய ராபின் வான் என் அம்மையாரைச் சந்தித்தார். அவர்களும் வேறு சிலரும் கூடி, 1985-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் 30 பங்குகளுடன் முதலில் ஆப்பிள் பழங்களை மட்டும் பகிர்ந்து பார்த்தனர். அதில் நம்பிக்கை பிறக்கவே, 1986-ஆம் ஆண்டில் காய்கறிப் பங்குகளை வழங்கத் தொடங்கினர். அதே 1986-ஆம் ஆண்டில், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் டெம்பிள்-வில்ட்டன் சமூகப் பண்ணையும் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டிரவ்கர் குரோ ஜெர்மனியில் பண்ணை நடத்தி அனுபவம் பெற்றவர்.

இவர்களுக்கு முன்பே, அலபாமா மாகாணத்து டஸ்கீகி கலாசாலையில் விவசாயப் பேராசிரியராயிருந்த புக்கர் வாட்லி என்பவர், சிறு நிலமுடைய கறுப்பின விவசாயிகளின் பொருட்டு 'வாடிக்கையாளர் சங்கம்' என்னும் யோசனையைப் பரப்பி வந்தார். குடும்பங்கள் ஆண்டுச் சந்தா செலுத்திப் பண்ணைக்கு வந்து, தாமே பறித்துச் சகாய விலைக்கு எடுத்துச் செல்லுதல் என்பது அவருடைய திட்டம். ஆகவே, இம்முறை ஓர் ஊரில் ஒருவருக்கு உதித்த யோசனை என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒரே கஷ்டத்திற்குப் பல நாட்டாரும் கண்ட பரிகாரம் என்பதே தகும். பிரான்சு தேசத்தில், தூலோன் துறைமுகத்தை அடுத்துள்ள ஒரு பண்ணைக் குடும்பத்தார் நியூயார்க்கில் இதனைக் கண்டறிந்து, 2001-ஆம் ஆண்டில் ஒபாஞ் என்னும் ஊர்க் குடும்பங்களுடன் கூடி முதல் சங்கத்தை அமைத்தனர். அதன்பின் அந்நாடெங்கும் அவ்விதச் சங்கங்கள் பரவின.

அமெரிக்க சர்க்கார் 2015-ஆம் ஆண்டிற்கு எடுத்த கணக்கின்படி, அந்நாட்டில் 7,398 பண்ணைகள் இம்முறையில் 22 கோடியே 60 லட்சம் டாலர் பெறுமான பண்டங்களை விற்றன. அந்நாட்டின் மொத்த விவசாயத்தை நோக்க இது மிகச் சிறிய பாகமே. ஆயினும், பட்டணங்களை அடுத்துள்ள சிறு காய்கறிப் பண்ணைகளுக்கு இஃது ஓர் ஊன்றுகோலாக இருந்து வருகிறது.

3. ஓர் ஆண்டின் வேலைக் கிரமம்

மாஸசூஸெட்ஸ் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் பனிக்காலமே இப்பண்ணைகளின் கணக்குக் காலம். தோட்டம் உறைந்து கிடக்கும் அம்மாதங்களில் குடியானவர் சென்ற ஆண்டின் வரவு செலவைப் பார்த்து, வரும் ஆண்டின் திட்டத்தை எழுதி அங்கத்தினர் முன்வைக்கிறார். வசந்த காலத்திற்குள் பங்குகள் சேர்ந்துவிடுகின்றன. விதை வாங்கவும், கண்ணாடி வீட்டில் நாற்று விடவும், கலப்பை இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் அப்பணமே உதவுகிறது.

ஜூன் மாதம் முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய இருபது வாரங்களுக்குப் பங்கீடு நடைபெறும். தொடக்கத்தில் கீரை, சாலட் இலை, முள்ளங்கி, பச்சைப் பட்டாணி ஆகியவை கிடைக்கும். நடுக்கோடையில் தக்காளி, வெள்ளரி, பீன்ஸ், மக்காச்சோளம் ஆகியவை குவியும். கடைசியில் முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்கு, பரங்கி முதலிய சேமித்து வைக்கத்தக்க பண்டங்கள் வரும். குறித்த கிழமையில் அங்கத்தினர் பண்ணைக்கே வந்து எடுத்துச் செல்வர். அல்லது பட்டணத்தில் ஒரு மாதா கோயில் மண்டபத்திலோ ஓர் அங்கத்தினர் வீட்டு முகப்பிலோ பண்டங்களை இறக்கிவைப்பர். ஒருவர் விரும்பாததை ஒரு கூடையில் வைத்துவிட்டு, அக்கூடையில் பிறர் வைத்துச் சென்றதை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. சிறு குடும்பங்களுக்கு அரைப் பங்கும், பணம் குறைந்தோர் சில மணி நேரம் பண்ணையில் உழைத்து ஈடுசெய்யும் உழைப்புப் பங்கும் உள்ளன.

வயல் வேலையைக் குடியானவர் பார்த்துக்கொள்ள, பங்கு சேர்த்தல், பணம் வசூலித்தல், பங்கீட்டு நாளன்று மேற்பார்வை செய்தல், கடிதம் எழுதுதல் ஆகிய காரியங்களை அங்கத்தினருள் சிலர் நிர்வாகக் குழுவாக அமைந்து கவனிப்பதுண்டு. இக்குழு நன்கு அமைந்த பண்ணைகளில் குடியானவருடைய பாரம் பெரிதும் குறைகிறது. குழு இல்லாத இடங்களில் அவர் பகலில் உழுது, இரவில் கணக்கெழுதி, விரைவில் சோர்ந்துபோகிறார்.

4. ஒரு மாதிரிக் கணக்கு

முறையின் தன்மை கணக்கில்தான் தெளிவாக விளங்கும். விளக்கத்தின் பொருட்டு நாம் அமைத்துக்கொண்ட எண்கள் பின்வருமாறு. ஆறு ஏக்கர் காய்கறிப் பண்ணை ஒன்றில், விதையும் நாற்றும் 6,000 டாலர், எருவும் மண் பராமரிப்பும் 5,000, கூலியாட்கள் 32,000, இயந்திரம், எண்ணெய், பழுது 9,000, குத்தகை, வரி, இன்ஷூரன்ஸ் 8,000, கொண்டு சேர்க்கும் செலவு 4,000, தேய்மானமும் எதிர்பாராச் செலவும் 6,000, குடியானவர் குடும்பத்தின் ஊதியம் 40,000. ஆகக்கூடி 1,10,000 டாலர். இதனை 200 பங்குகளாக்கினால் ஒரு பங்கு 550 டாலர். 22 வாரங்களுக்குப் பங்கீடு நடந்தால், வாரம் ஒன்றுக்கு 25 டாலர் ஆகிறது.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, குடும்பத்தின் ஊதியம் செலவில் சேர்ந்திருக்கிறது. அதனைச் சேர்க்க மறந்தாலோ, கேட்கக் கூசினாலோ, செலவு 70,000 ஆகவும் பங்கு 350 ஆகவும் குறைந்து, பங்குகள் விரைவில் விற்றுப்போகும். அண்டையார் யாவரும் மகிழ்வர். குடியானவரோ வருஷம் முழுதும் கூலியின்றி உழைத்தவராவார். அமெரிக்காவில் பல பண்ணைகள் இவ்விதமே சந்தை விலையை மட்டும் நோக்கிப் பங்கு விலையை வைத்து, சில வருஷங்களில் இம்முறையைக் கைவிட நேர்ந்தது. தம் உழைப்பைக் கணக்கில் எழுதாதவன் தம் நிலத்தையே சிறிது சிறிதாக விற்றுண்கிறான் என்பது எந்நாட்டுக்கும் பொது.

இரண்டாவது, பங்குகள் முழுவதும் சேராவிடில் நேரும் கதி. 200-க்குப் பதிலாக 170 பங்குகளே சேர்ந்தால், வரவு 93,500 டாலர், குறைவு 16,500. அது வேறெங்கிருந்தும் வாராது. குடும்பத்தின் ஊதியத்திலிருந்தே குறைந்து, 40,000 என்பது 23,500 ஆகிவிடும். ஆதலின், விதைப்பதற்கு முன்பே அங்கத்தினரைக் கூட்டி உண்மையைச் சொல்லுதல் அவசியம். டெம்பிள்-வில்ட்டன் பண்ணையில் இதற்கு ஒரு வழி கண்டனர். அங்கு எல்லோருக்கும் ஒரே விலை என்பதில்லை. ஆண்டுச் செலவுக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்து, ஒவ்வொரு குடும்பமும் தன் சக்திக்கேற்பத் தான் தரும் தொகையைச் சொல்லும். கூட்டித்தொகை போதாவிடில் மீண்டும் ஒரு சுற்றுக் கேட்பர். வசதியுடையோர் சற்று அதிகம் தருவதால், எளியோரும் அதே கூடையைப் பெறுகின்றனர்.

மூன்றாவது, நஷ்டம் பிரியும் விதம். பூச்சியாலோ புயலாலோ பத்தில் ஒரு பாகம் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடியானவர் தனியாக நின்றால் 11,000 டாலர் நஷ்டம்; அது அவர் குடும்பத்தின் ஊதியத்தில் நான்கில் ஒரு பாகத்திற்கும் அதிகம். அதனையே 200 குடும்பங்கள் ஏற்றால், ஒவ்வொன்றுக்கும் 55 டாலர் பெறுமான காய்கறி குறைகிறது. முன்னது ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கும். பின்னது இரண்டு வாரக் கூடையின் அளவே. இம்முறையின் பெருமை முழுவதும் இவ்வொரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

5. மக்கள் சேருவதன் காரணங்கள்

பண்டம் மலிவாகக் கிடைக்கும் என்று கருதிச் சேருவோர் உண்டு. ஆயினும், அக்காரணத்தால் மட்டும் சேர்ந்தவர்கள் நெடுநாள் நிலைத்திருப்பது அரிது. காலையில் பறித்ததை மாலையில் சமைக்கும் புதுமை. எந்த நிலத்தில் எந்த எருவிட்டு விளைந்தது என்று நேரே கேட்டறியும் வசதி. விஷ மருந்து தெளியாத பண்டம் வேண்டும் என்னும் கவலை. குழந்தைகள் காரட் மண்ணுக்கடியில் விளைவதைக் கண்ணாரக் காணவேண்டும் என்னும் ஆசை. தம் ஊர்ப்புறத்து வயல்கள் வீட்டு மனைகளாகிவிடாமல் வயல்களாகவே இருக்கவேண்டும் என்னும் எண்ணம். இவையே நிலைத்த அங்கத்தினரைச் சேர்ப்பன. பங்கீட்டு நாளன்று அறிமுகமில்லாதார் கூடி, பெயரறியாத ஒரு கீரையைச் சமைக்கும் விதத்தை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதிலேயே ஊர்க்கட்டு வளர்கிறது.

குடியானவர் சேருவதற்கும் காரணங்கள் உள. பணம் வேண்டிய காலத்தில் வட்டியின்றிக் கிடைக்கிறது. எத்தனை குடும்பத்திற்கு விளைவிக்க வேண்டும் என்பது விதைக்கும்போதே தெரிந்துவிடுகிறது. விற்பனைக்காக அலையும் வேலை பனிக்காலத்திலேயே முடிந்துவிடுவதால், அறுவடைக் காலத்தில் கருத்து முழுவதையும் தோட்டத்தில் செலுத்தலாம். சற்றுக் கோணலான காரட்டையும் தரகர் கழிப்பது போல அங்கத்தினர் கழிப்பதில்லை.

6. விலகுவதன் காரணங்கள்

இம்முறையின் குறைகளை மறைத்தல் தகாது. ஆண்டுதோறும் அங்கத்தினருள் ஒரு பகுதியார் விலகுவது பெரும்பாலான பண்ணைகளின் அனுபவம். கூடையில் வருவதே உணவு. விரும்பியதைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஒரு வாரம் முட்டைக்கோஸ் மிகுந்து வீணாகும். மறுவாரம் தக்காளிக்கு ஏங்க நேரும். குறித்த நாளில் வந்து எடுத்துச் செல்ல வேலை இடங்கொடாது. சமைக்க ஆளும் அவகாசமும் இல்லாத வீட்டில் கூடை ஒரு பாரமாகிவிடும். பருவத் தொகை முழுவதையும் ஒரே தவணையில் செலுத்துவது எளிய குடும்பங்களுக்குக் கடினம்.

ஆதலின், அனுபவமுள்ள பண்ணைகள் தவணைகளை அனுமதிக்கின்றன. கூடையின் அளவைக் குறைக்கின்றன. வாரந்தோறும் சமையற் குறிப்புடன் ஒரு கடிதம் அனுப்புகின்றன. சேரும்பொழுதே, இன்னின்ன மாதத்தில் இன்னின்னது கிடைக்கும், இன்னது கிடையாது என்று திட்டமாகச் சொல்லிவிடுகின்றன. மிகுதியாகக் கொடுப்பதும் ஒரு பிழையே. தாராளமாகக் கொடுத்தால் அங்கத்தினர் மகிழ்வர் என்று குடியானவர் எண்ணுவார். வீணாகும் உணவைக் கண்டு மனம் நொந்து அவர்கள் விலகிவிடுவர்.

குடியானவருக்குள்ள கஷ்டம் வேறு. ஒரே பயிரை முழு நிலத்திலும் இடுபவருக்கு இம்முறை உதவாது. முப்பது நாற்பது வகைப் பயிர்களை, ஒன்று முடியுமுன் மற்றொன்று தயாராகும்படி, வாரக்கணக்கில் திட்டமிட்டு விதைக்க வேண்டும். இத்திறமை ஓரிரு வருஷத்தில் வருவதன்று. புதிதாகத் தொடங்குவோர் சில ஆண்டுகள் சந்தையில் விற்றுப் பழகியபின் பங்கு சேர்ப்பதே விவேகம். பிறருடைய பணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டு தொழில் கற்பது இருசாராருக்கும் துன்பம் தரும்.

இம்முறையின் நற்பெயரைக் கண்டு, பல இடங்களில் பண்டம் வாங்கிப் பெட்டி கட்டி அனுப்பும் வியாபாரிகளும் இப்பெயரைச் சூட்டிக்கொண்டனர். ஆகவே கலிபோர்னியா மாகாணத்தில் 2013-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, இப்பெயரால் வழங்கத்தக்கது இன்னதென்று வரையறுத்து, அவ்விதம் விற்கும் பண்ணைகள் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றும் விதித்தனர்.

7. கெட்ட வருஷத்தின் சோதனை

நல்ல வருஷத்தில் எந்த முறையும் நன்றாகவே தோன்றும். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி ஐரீன் என்னும் புயல் அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களில் பெருமழை பெய்வித்தது. வெர்மான்ட் மாகாணத்தில், பர்லிங்டன் நகரை அடுத்த வினூஸ்கி ஆற்றுப்படுகையில் உள்ள இன்டர்வேல் பண்ணைகளை வெள்ளம் மூடிற்று. கோடைப் பயிர் முற்றி, இலையுதிர்காலப் பயிர் தழைத்து நின்ற சமயம் அது. ஆற்று வெள்ளம் பட்ட காய்கறிகளை உணவுக்குக் கொடுத்தல் ஆகாது என்பது அந்நாட்டு உணவு விதி. ஆதலின், கண்ணுக்குப் பசுமையாக நின்றவற்றையும் அழிக்க வேண்டியதாயிற்று. அதே படுகையில் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலும் மீண்டும் வெள்ளம் புகுந்தது.

அத்தகைய நாளில் ஒரு குடியானவர் அங்கத்தினருக்கு எழுதும் கடிதம் எவ்வளவு கடினமானது என்பதை நமது வாசகர்கள் ஊகிக்கலாம். பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. கூடையில் வைக்க ஒன்றும் இல்லை. முன்பே உடன்பாட்டைத் தெளிவாகச் சொல்லி வைத்தவருக்கு அக்கடிதம் ஒரு செய்தி. சொல்லாதவருக்கு அது ஒரு வழக்கின் தொடக்கம். எனவே, பங்கு சேரும் தாளிலேயே, விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கையொப்பம் பெறுவது நல்ல பண்ணைகளின் வழக்கம்.

ஆயினும், வானத்தின் குற்றம் வேறு, மனிதனின் குற்றம் வேறு. களை எடுக்காமல் விட்டதனாலும், காலத்தில் விதைக்காததனாலும் நேர்ந்த குறைவை அங்கத்தினர் தலையில் ஏற்றுதல் நேர்மையன்று. அவர்கள் ஒரு வருஷம் பொறுப்பர். மறு வருஷம் பங்கு எடுக்கமாட்டார்கள். நஷ்டத்தில் பங்கு கொள்ளுங்கள் என்று பிறரைக் கேட்கும் உரிமை, தன் தோட்டத்தை அவர்கள் எந்நாளும் வந்து பார்க்கும்படி திறந்து வைத்திருப்பவருக்கே உண்டு.

8. நிலத்தைப் பற்றிய ஒரு படிப்பினை

இந்தியன் லைன் பண்ணையின் பிற்கால வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. ராபின் வான் என் அம்மையார் 1997-ஆம் ஆண்டு ஜனவரியில், ஐம்பது வயது நிரம்புமுன்னரே திடீரென்று காலமானார். அங்கத்தினர் ஆண்டுதோறும் ஏற்றது சாகுபடிச் செலவை; நிலமோ தனியொருவர் சொத்தாக இருந்தது. ஏறக்குறைய 17 ஏக்கருள்ள அந்நிலம், விலை ஏறிவரும் அப்பிரதேசத்தில் யார் கைக்குச் செல்லும் என்னும் கேள்வி எழுந்தது. அங்குள்ள சமூக நில அறக்கட்டளையும், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றும், புதிதாக உழ முன்வந்த குடியானவர்களும் கூடி ஓர் ஏற்பாடு செய்தனர். அதன்படி நிலம் அறக்கட்டளைக்கு உரியது. வீடும் கட்டிடங்களும் உழுபவருக்கு உரியன. நிலத்தை 99 ஆண்டுக் குத்தகையில் உழுபவர் அனுபவிக்கலாம். ஆனால் அது என்றும் விவசாய நிலமாகவே இருத்தல் வேண்டும். நிலத்தின் விலையைச் சுமக்காமல் சாகுபடி செய்ய இதனால் வழி பிறந்தது. ஒரு வருஷத்து விளைவைப் பகிர்வது பங்குப் பண்ணை. நூறு வருஷத்து நிலத்தைக் காப்பதற்கு வேறு ஏற்பாடும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

9. நாம் கொள்ளத்தக்கது

நமது மாகாணத்தில் 1999-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் தொடங்கிப் பின் பல ஊர்களிலும் ஏற்பட்ட உழவர் சந்தைகள், தரகரின்றி விற்கும் வசதியைத் தந்தன. அது பெரும் நன்மை. ஆனால் சந்தைக்குக் கொண்டுவரும் வரையில் உள்ள பாரம் முழுவதும் உழவருடையதே; மழையில் அழுகிய பண்டம் சந்தைக்கு வராது, அதற்கு விலையும் வராது. பங்கு முறை தொடுவது அந்த முற்பகுதியை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. இரண்டும் ஒரே உழவருக்கு உதவக்கூடும்.

இதனைச் சோதிக்க விரும்புவோர் சிறிதாகத் தொடங்குதல் நலம். அருகிலுள்ள பட்டணத்தில் தமக்கு அறிமுகமான பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் போதும். கீரை, கத்தரி, வெண்டை, அவரை, புடல் என வாரந்தோறும் ஐந்தாறு வகை கொடுக்கக்கூடிய அரை ஏக்கர் தோட்டமும், கைவிடாத கிணறும் வேண்டும். முதலில் ஒரு மூன்று மாதப் பருவத்திற்கு மட்டும் பேசிக்கொள்ளலாம். தொடங்குமுன், விதை முதல் வண்டிச் சத்தம் வரை எல்லாச் செலவையும், தம் குடும்பத்தின் கூலி உட்பட, ஒரு தாளில் எழுதி அக்குடும்பங்களுக்குக் காட்ட வேண்டும். மற்ற நிலத்தில் வழக்கமான சாகுபடியை விட்டுவிடக் கூடாது.

அத்தாளைக் காட்டும் நாளே இம்முறையின் முதல் அறுவடை எனலாம். ஒரு கூடை கத்தரிக்காய்க்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பும், எத்தனை ரூபாய்ச் செலவும், எத்தனை நாளின் கவலையும் இருக்கின்றன என்பதைப் பட்டணத்துக் குடும்பம் அன்றுதான் முதன்முதலாகக் காணும். கண்டபின் அவர்கள் பங்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தம் கணக்கைத் தாமே ஒழுங்காக எழுதிப் பார்த்த குடியானவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.